பரிசும் படைப்பும் – 6: ஆறுக்கு நான்கு

கோன்கூர் பரிசை நிறுவ எட்மோன் தெ கோன்கூர் எழுதிவைத்த உயில், உறவினர்கள் தொடுத்த வழக்கு, 1903-ல் வழங்கிய முதல் பரிசு, 1913-ல் பதினோரு சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு மார்க் எல்தேருக்குக் கிடைத்த வெற்றி. சென்ற வாரம் இதுவரை வந்து நின்றோம்.

1913-ல் தோற்றவர்களில் ஒருவர் அலென் ஃபூர்னியே. அவருடைய ‘லெ கிரான் மோன்’ நூறாண்டு கடந்தும் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அந்த ஆண்டு முயன்று பார்த்து ஏமாந்த இன்னொருவர் மார்செல் ப்ரூஸ்ட். எல்தேரின் நாவலை இன்று பிரான்சிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகள் கழித்து ப்ரூஸ்ட் மறுபடி வந்தார். இந்த முறை வென்றார். அந்த வெற்றியைப் பாரிஸ் ஓர் அவமானமாக எடுத்துக்கொண்டது.

*

துக்கம் காத்த ஆண்டு

1919. போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. பிரான்சில் சுமார் 14 லட்சம் ஆண்கள் வீடு திரும்பவில்லை. ஊருக்கு ஊர் நினைவுத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பிற்பாடு பாரிஸின் பாந்தியோன் மண்டபச் சுவரில், அந்தப் போரில் உயிர்விட்ட எழுத்தாளர்கள் என்று 560 பெயர்களைப் பொறித்தார்கள். அலென் ஃபூர்னியேயின் பெயரும் அதில் உண்டு. போர் தொடங்கிய இரண்டாம் மாதமே விழுந்தவர் அவர். எழுதி முடித்த நாவல் அந்த ஒன்றுதான்.

கோன்கூர் நடுவர்களும் அந்தத் துக்கத்துக்குள்தான் இருந்தார்கள். போர் தொடங்கியதிலிருந்து அவர்கள் கொடுத்த பரிசுகள் எல்லாம் போரை எழுதிய புத்தகங்களுக்கே போயின. 1914-ஆம் ஆண்டுக்கான பரிசைத் தள்ளிப்போட்டு 1916-ல் அத்ரியன் பெர்த்ரானுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அவர் போர்க்காயத்தால் இறந்துபோனார். மற்ற ஆண்டுகளுக்கு, ரெனே பெஞ்சமினின் ‘காஸ்பார்’, ஆன்ரி பார்புஸின் ‘நெருப்பு’, ஆன்ரி மலேர்பின் புத்தகம், ஜார்ஜ் துஅமேலின் ‘நாகரிகம்’. ஐந்து ஆண்டு, ஐந்து போர்ப் புத்தகம்.

1919-ன் பரிசு யாருக்கு என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. அந்த வசந்த காலத்தில் ஒரு புத்தகம் வந்திருந்தது. பதுங்குகுழியிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் அதை ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் ‘மரச் சிலுவைகள்’.

*

கழுதை வரைந்த ஓவியம்

அதை எழுதிய ரோலான் தொர்ஜெலெஸுக்கு வயது 34. மோன்மார்த்ர் பகுதியின் ஓவியர்கள், கவிஞர்களோடு திரிந்த பத்திரிகைக்காரர். போருக்கு முன்பே அவர் பாரிஸைச் சிரிக்க வைத்தவர். எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். பரிசு ஒரு நாவலின் தகுதியை நிரூபிக்குமா என்ற நம் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

1910-ல் தொர்ஜெலெஸும் நண்பர்களும் ஒரு கழுதையின் வாலில் தூரிகையைக் கட்டினார்கள். பெயர் லோலோ, மோன்மார்த்ரில் எல்லோருக்கும் தெரிந்த கழுதை. சாட்சிக்கு ஒரு சட்ட அதிகாரியையும் அழைத்துவைத்துக்கொண்டார்கள். தீனி கொடுக்கக் கொடுக்க கழுதை வாலை ஆட்டியது, துணியில் வண்ணம் ஏறியது. ‘அட்ரியாட்டிக் கடலின் மேல் சூரியன் உறங்கியது’ என்று அதற்குத் தலைப்பிட்டு, பொரொனாலி என்ற இல்லாத இத்தாலிய ஓவியரின் பெயரில் புகழ்பெற்ற கண்காட்சி ஒன்றில் மாட்டினார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள், விமர்சகர்கள் கருத்து எழுதினார்கள். பிறகு தொர்ஜெலெஸே பத்திரிகைக்குப் போய் உண்மையைச் சொன்னார்.

அங்கீகாரம் என்பதை எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று இருபத்து நான்கு வயதிலேயே ஊருக்குக் காட்டிய ஆள் அவர்.

1914-ல் போர் வந்தது. உடல் தகுதி இல்லையென்று ராணுவம் முன்பே அவரைக் கழித்துவிட்டிருந்தது. அவர் விடவில்லை, முயன்று தொண்டராகச் சேர்ந்து காலாட்படையில் போர்முனைக்குப் போனார். அங்கே கண்டதும் இழந்ததும்தான் ‘மரச் சிலுவைகள்’.

அதில் ஓர் அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு குன்றின் மேல் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று காவல் இருக்கிறது. காலுக்குக் கீழே மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. டொக், டொக். ஜெர்மானியர்கள் அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். வெடிமருந்தை நிரப்பி என்றைக்கு வெடிக்க வைப்பார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. இடத்தை விட்டுப் போகவும் உத்தரவு இல்லை. சத்தம் கேட்கிறவரை உயிருக்குப் பயமில்லை. தோண்டுகிறவன் நிறுத்திவிட்டால்தான் ஆபத்து. அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஆட்கள் இரவும் பகலும் தரையில் காதை வைத்துப் படுத்திருக்கிறார்கள். கடைசியில் மாற்றுப் படை வந்து இவர்களை விடுவிக்கிறது. இவர்கள் கீழே இறங்கி வந்த கொஞ்ச நேரத்தில் குன்று வெடிக்கிறது. செத்தவர்கள், இவர்கள் இடத்தில் வந்து நின்றவர்கள்.

பிழைத்தோமே என்ற நிம்மதியும் அந்த நிம்மதிக்கான வெட்கமும் ஒன்றாக வரும் அந்த இடத்தை எழுதியவன் சாதாரண எழுத்தாளன் இல்லை. பரிசு கேட்கத் தகுதியுள்ள புத்தகம் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ரூஸ்ட் வென்ற கதையைச் சொல்கிறவர்களில் பலர் தொர்ஜெலெஸை யாரோ ஒரு போட்டியாளர் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம்.

*

படுக்கையில் இருந்தவர்

மறுபக்கம் ப்ரூஸ்ட். வயது 48. பேர்பெற்ற மருத்துவரின் மகன், பணத்துக்குக் குறைவில்லை. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பகலில் தூங்குவார், இரவில் படுக்கையில் சாய்ந்தபடியே எழுதுவார். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அறைச் சுவர்களில் தக்கைப் பலகை அடித்திருந்த அவருடைய பழைய வீடு 1919-ல் ஒரு வங்கிக்கு விலைபோயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் அமெலான் தெருவில் 44-ஆம் எண் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில் குடியிருந்தார். பணிப்பெண் செலஸ்த் அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

அவருடைய பெருநாவலின் முதல் பாகத்தைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய கதை பிரபலமானது. தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதைச் சொல்ல ஒருவருக்கு முப்பது பக்கம் எதற்கு என்று கேட்டார் ஒரு பதிப்பாளர். ஆந்த்ரே ழீத் இருந்த ‘என்.ஆர்.எஃப்’ குழுவும் மறுத்தது. கைக்காசைப் போட்டு 1913-ல் கிராசே பதிப்பகத்தில் ப்ரூஸ்ட் அதை அச்சிட்டார். அச்சில் படித்த ழீத் இரண்டே மாதத்தில் வருந்திக் கடிதம் எழுதினார். தங்கள் பதிப்பகம் செய்த மிகப் பெரிய தவறு அது என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் பாகம் ‘மலரும் கன்னியர் நிழலில்’ 1919 ஜூனில் வந்தது. வெளியிட்டவர் கஸ்தோன் கல்லிமார், அன்று மறுத்த அதே ‘என்.ஆர்.எஃப்’ சார்பில். நானூறுக்கு மேல் பக்கங்கள், பொடி எழுத்து, பத்தி பிரிக்காமல் ஓடும் நீண்ட வாக்கியங்கள். பாரிஸில் ஒரு சிறுவனின் முதல் காதல் வாடிப்போவதும், பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் அவன் கண்முன் ஒரு பெண்கள் கூட்டம் தோன்றுவதும்தான் கதை. போரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த நாவலின் தொடக்கத்தில் ஓர் இடம் உண்டு. கதைசொல்லிச் சிறுவன், லா பெர்மா என்ற மாபெரும் நடிகையைப் பார்க்க வருடக்கணக்காக ஏங்கியவன், ஒருநாள் நாடகக் கொட்டகைக்குப் போகிறான். ராசீனின் ‘ஃபேத்ர்’ நடக்கிறது. கண் இமைக்காமல் பார்க்கிறான், ஒரு சொல் விடாமல் கேட்கிறான். ஒன்றுமே தோன்றவில்லை. இதுதானா அந்த மேதைமை என்று மனம் சோர்ந்துபோகிறது. அப்போது கூட்டம் கைதட்டுகிறது. இவனும் தட்டுகிறான். தட்டத் தட்ட, அவள் நன்றாக நடித்ததாகவே படுகிறது. வீட்டுக்கு வந்தால், அப்பாவின் நண்பரான தூதர் ஒருவர் அவளைப் புகழ்கிறார். பத்திரிகையும் அப்படியே எழுதுகிறது. படித்து முடித்ததும், ஆமாம், எவ்வளவு பெரிய கலைஞர் என்று சிறுவனே வியக்கிறான்.

கைதட்டல் எப்படி நம்முடைய சொந்த ரசனையைப் போல நமக்குள் குடியேறிவிடுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதியவர்களை நான் படித்ததில்லை. பரிசைப் பற்றி ஊர் பேசப்போகும் அத்தனையையும், பரிசு பெறப்போகும் புத்தகமே முன்கூட்டி எழுதிவைத்திருந்தது.

*

நண்பரின் அண்ணன்

ப்ரூஸ்ட் அந்தப் பரிசை விரும்பினார். பணத்துக்காக அல்ல. 5,000 ஃப்ராங்க் அவருக்குப் பெரிதில்லை. ஆள் கிடைக்காத புத்தகத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்ற தவிப்பு. நோயாளி, எத்தனை நாள் மிச்சம் என்று தெரியாது. படுக்கையிலிருந்தே கடிதங்கள் போயின. நண்பர்கள் நடுவர்களிடம் பேசினார்கள்.

நடுவர் குழுவில் அவருக்கு ஒரு பெரும் பலம் இருந்தது. லெயோன் தோதே. நாவலாசிரியர் அல்ஃபோன்ஸ் தோதேயின் மூத்த மகன். இளைய மகன் லூசியன் தோதே, ப்ரூஸ்டின் நெருங்கிய நண்பர். இளமையிலேயே அந்த வீட்டுக்குப் போய்வந்தவர் ப்ரூஸ்ட்.

லெயோன் தோதே எப்படிப்பட்டவர்? முடியாட்சி திரும்ப வேண்டும் என்று முழங்கிய ‘ஆக்சியோன் ஃப்ரான்சேஸ்’ இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். யூதர்கள் மீது வெறுப்பைக் கக்கிய பேனாக்காரர். வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம்தான் பாரிஸிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். ப்ரூஸ்டின் தாய் யூதப் பெண்மணி. நாட்டையே இரண்டாகப் பிளந்த திரைஃபுஸ் வழக்கில் ப்ரூஸ்ட் அந்த யூத அதிகாரியின் பக்கம் நின்றவர், தோதே எதிர்ப்பக்கம். இப்படிப்பட்ட ஒருவர், இப்படிப்பட்ட ஒருவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்.

நட்பா, ரசனையா? இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோதேயின் அரசியல் எனக்கு அருவருப்பானது. ஆனால் எழுத்தை மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு இருந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து அதை அவர் இன்னொரு முறை நிரூபிப்பார்.

எதிர்ப்பக்கத்தில் உறுதியாக நின்ற நடுவர் லூசியன் தெகாவ். ராணுவ முகாம்களின் அழுக்கை நாவலாக எழுதியதற்காக இளமையில் நீதிமன்றம் ஏறி, விடுதலையானவர். உழைப்பாளிகள் பக்கம், சிப்பாய்கள் பக்கம் நிற்பவர். சகாக்களோடு சச்சரவு ஏற்பட்டதால் 1917-லிருந்து அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். வாக்கை மட்டும் அனுப்பிவைப்பார். அவருடைய வாக்கு யாருக்கு என்பதில் ஐயமே இல்லை.

*

டிசம்பர் 10

கையோன் சதுக்கத்தில் த்ருவான் உணவகம். 1914 முதல் கோன்கூர் கழகம் கூடுமிடம் அதுதான். மாடியில் நடுவர்கள், கீழே பத்திரிகைக்காரர்கள். கழகத்தின் தலைவர் குஸ்தாவ் ஜெஃப்ருவா. ரோனி சகோதரர்கள் இருவரும் நடுவர்கள். எமில் ஜோலாவின் தலைமுறையோடு சேர்ந்து வளர்ந்த ஆன்ரி செயார், லெயோன் என்னிக் இருவரும் அங்கே உண்டு. தலைநரைத்த கூட்டம்.

பத்து வாக்குகள். எண்ணினார்கள்.

தொர்ஜெலெஸுக்கு நான்கு: என்னிக், தெகாவ், அஜால்பேர், பெர்ஜெரா.

ப்ரூஸ்டுக்கு ஆறு: தோதே, ஜெஃப்ருவா, செயார், பூர்ஜ், ரோனி சகோதரர்கள்.

ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் ஐந்துக்கு ஐந்து. அதற்குமேல் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்தி அமெலான் தெருவுக்கு வந்தபோது ப்ரூஸ்ட் படுக்கையில் இருந்தார். கல்லிமாரும் அவருடைய ஆட்களும் மாடியேறி வந்தார்கள். வந்தவர்களுக்கு மகிழ்ச்சியோடு பதற்றமும் இருந்தது. புத்தகம் கைவசம் இல்லை. உடனே மறுபதிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பத்திரிகைக்காரர்களும் வந்து கதவைத் தட்டினார்கள். யாரையும் உள்ளே விட வேண்டாமென்று செலஸ்திடம் சொல்லிவிட்டார் ப்ரூஸ்ட்.

அந்தக் கதவை அவர் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறுநாள் பத்திரிகைகள் உருவாக்கிய ப்ரூஸ்ட், அவர்கள் கண்ணால் பார்க்காத ஒருவர்.

*

புயல்

பணக்காரர். பிரபுக்கள் வீட்டு விருந்தாளி. போருக்குப் போகாதவர். கிழவர். வலதுசாரி தோதேயின் செல்லப்பிள்ளை. படிக்கவே முடியாத நடை. இவையெல்லாம் அடுத்த சில நாட்களில் அவர்மேல் விழுந்தவை.

ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். நடையைப் பற்றிய ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆளைப் பற்றியது. புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். போருக்குப் போகாததற்கு ஆஸ்துமா காரணம்; அவருடைய தம்பி ரொபேர், முன்னணியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். இதையெல்லாம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

வாதத்தின் மையத்தில் இருந்தது கோன்கூரின் உயில். பரிசு இளமைக்கும், தனித்தன்மைக்கும், சிந்தனையிலும் வடிவத்திலும் துணிந்த புது முயற்சிகளுக்கும் போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இடதுசாரி நாளேடான ‘லுமானிதே’ கிழவர்களுக்கு வழிவிடுங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டுச் சாடியது. 48 வயது இளமையா? நான்கு ஆண்டு சேற்றில் கிடந்து, நண்பர்களைப் புதைத்துவிட்டு வந்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டியதை ஏன் ஒரு சீமானுக்குக் கொடுத்தீர்கள்?

இந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கை கால் இழந்து வந்தவர்களும், பிள்ளையை இழந்த தாய்மார்களும் உள்ள நாடு அது. அவர்களுக்கு அந்தப் பரிசு ஒரு நன்றிக்கடனாகத் தெரிந்தது. ஆனால் உயிலின் அதே வாக்கியத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. தனித்தன்மை, வடிவத்தில் துணிவு என்ற இரண்டையும் எடுத்து 1919-ன் புத்தகங்கள் மேல் வைத்துப் பார்த்தால் ப்ரூஸ்டுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. முதல் பகுதியை எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள், மற்ற இரண்டையும் ஆதரவாளர்கள். உயில் எழுதியவர் 1896-லேயே போய்விட்டார். யாரைக் கேட்பது?

இதில் இன்னொன்றும் உண்டு. அதே 1919-ல் ப்ரூஸ்ட் தாம் எழுதிய பகடிகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் நடையை அப்படியே பாவித்து எழுதியவை. பகடிக்கு ஆளானவர்களில் எட்மோன் தெ கோன்கூரும் ஒருவர்.

*

அட்டையில் ஒரு பட்டை

தொர்ஜெலெஸின் பதிப்பாளர் அல்பன் மிஷேல் சும்மா இருக்கவில்லை. ‘மரச் சிலுவைகள்’ பிரதிகளின்மேல் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி விற்பனைக்கு அனுப்பினார். பட்டையில் ‘கோன்கூர் பரிசு’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி வேண்டும் என்கிற அளவில், பத்துக்கு நான்கு வாக்கு.

கல்லிமார் நீதிமன்றம் போனார். 2,000 ஃப்ராங்க் இழப்பீடு கொடுக்கும்படி அல்பன் மிஷேலுக்குத் தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்குள் பட்டை தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. வாசகர்களும் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். தோற்ற புத்தகம், வென்ற புத்தகத்தைவிட நன்றாக விற்றது. அதே ஆண்டின் ஃபெமினா பரிசும் தொர்ஜெலெஸுக்குக் கிடைத்தது. முழுக்க முழுக்கப் பெண்களே நடுவர்களாக இருந்து கொடுத்த பரிசு அது.

ஆக, 1919 முடியும்போது ‘மரச் சிலுவைகள்’ பக்கம் மக்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன, இன்னொரு பரிசும் இருந்தது. ‘மலரும் கன்னியர் நிழலில்’ பக்கம் ஆறு முதியவர்கள்.

*

ஆறு பேருக்கு என்ன தெரிந்திருந்தது?

இன்று திரும்பிப் பார்க்கிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்: நடுவர்கள் மேதையை அடையாளம் கண்டார்கள், கூட்டம் காணவில்லை. நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன்.

அந்த ஆறு பேர் கையில் இருந்தது ஏழு பாகக் கட்டடத்தின் முதல் இரண்டு பாகங்கள் மட்டும். அஸ்திவாரமும் பாதிச் சுவரும். கடைசிப் பாகம் வெளிவந்தது 1927-ல், ப்ரூஸ்ட் இறந்து ஐந்து ஆண்டு கழித்து. முதல் பாகத்தில் சும்மா சொல்லிப்போன ஒரு சின்னச் சம்பவம் ஆறு பாகம் தாண்டி அர்த்தம் கொள்வதுதான் அந்த நாவலின் அதிசயம். அதை 1919-ல் யாரும் படித்திருக்க முடியாது. அவர்கள் அறிந்த தகுதி ஒரு பகுதி. மீதியைக் காலம் பிற்பாடு சேர்த்தது.

பிறகு ஏன் வாக்களித்தார்கள்? மூத்த ரோனி உண்மையாகவே அந்த எழுத்தில் மயங்கியிருந்தார். தோதேவுக்கு நட்பும் ரசனையும். மற்றவர்கள் மனதில், ஐந்து ஆண்டு தொடர்ந்து போர்ப் புத்தகத்துக்கே கொடுத்துவிட்டோம், இனி இலக்கியத்தின் பக்கம் திரும்பலாம் என்ற எண்ணமும் இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். அப்படியானால் தொர்ஜெலெஸ் தோற்றதற்கு அவருடைய புத்தகத்தின் குறை காரணமில்லை. அவர் வரிசையில் ஆறாவது ஆளாக வந்துவிட்டார். அதே நாவல் 1916-ல் வந்திருந்தால் கதையே வேறு.

1913-ல் தவறாகப் போன அதே முறைதான் 1919-ல் சரியாகப் போயிற்று. நட்பு, சலிப்பு, சச்சரவு, கொஞ்சம் நிஜமான வாசிப்பு. பொருட்கள் மாறவில்லை, கலவை மட்டும் மாறியது. ஆகவே பரிசு ஒரு நாவலின் தகுதியை நிரூபிக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1919-ன் முடிவு சரியானது. அந்தச் சரிக்குக் காரணம், ப்ரூஸ்ட் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு உயிரைக் கொடுத்து எழுதியது.

பரிசால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் இருந்தது. எண்ணூறுக்கு மேல் வாழ்த்துக் கடிதங்கள் வந்ததாக ப்ரூஸ்டே எழுதியிருக்கிறார். வசை பாடிய பத்திரிகைகளும் சேர்ந்துதான் அவருடைய பெயரை ஊரறியச் செய்தன. மறு ஆண்டு அரசு அவருக்கு ‘லெஜியோன் தொனேர்’ விருது கொடுத்தது. மூன்றாம் பாகத்தைத் தோதேவுக்குக் காணிக்கையாக்கினார். பரிசுத் தொகையை நன்றி விருந்துகளிலேயே செலவழித்தார். ஐந்து பேர் படித்த எழுத்தாளராக இருந்தவர், இறப்பதற்கு முன் தம் வாசகர்களைக் கண்ணால் பார்த்தார். 1922 நவம்பர் 18 அன்று அதே ஐந்தாம் மாடியில் இறந்தார். கடைசிப் பாகங்களின் திருத்தம் படுக்கையருகே கிடந்தது.

அந்த வாசகர்கள் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. அதே அளவு வருத்தம், இன்று ‘மரச் சிலுவைகள்’ என்றால் ப்ரூஸ்டிடம் தோற்ற புத்தகம் என்பதாகவே பலருக்குத் தெரிவதில். 1932-ல் ரெமோன் பெர்னார் அதைத் திரைப்படமாக எடுத்தார். அந்தச் சுரங்கச் சத்தம் படத்திலும் கேட்கிறது. நாவல் இன்றும் அச்சில் இருக்கிறது. வாய்ப்பு உள்ளவர்கள் இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஆறுக்கு நான்கு என்ற கணக்கை மறந்துவிட்டு வாசியுங்கள்.

*

மறுபடி அதே மேஜை

தோற்றவர் என்ன ஆனார்? 1929-ல் கோன்கூர் கழகத்தில் ஓர் இடம் காலியாயிற்று. அந்த நாற்காலிக்குத் தேர்வானவர் ரோலான் தொர்ஜெலெஸ். பத்து ஆண்டுக்கு முன் தம்மைத் தோற்கடித்த மேஜையில் நடுவராகப் போய் அமர்ந்தார். 1954-ல் கழகத்தின் தலைவரானார். 1973-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் நடுவரான மூன்றாம் ஆண்டு, 1932-ல், பாரிஸின் ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த ஒரு மருத்துவர் தம் முதல் நாவலை வெளியிட்டார். தொடக்கத்திலேயே போர்முனைக்குப் போகும் நாவல். கொச்சைப் பேச்சில், கோபத்தில், அதுவரை யாரும் எழுதாத பிரெஞ்சில் எழுதியது. மருத்துவர் தம் பெயரை லூயி ஃபெர்தினான் செலின் என்று போட்டுக்கொண்டார். நாவல், ‘இரவின் எல்லைவரை ஒரு பயணம்’.

1919-ல் எதிரெதிரே நின்ற தோதேயும் தெகாவும் இந்த முறை ஒரே பக்கம், செலின் பக்கம். சச்சரவுக்குப் பிறகு சகாக்களோடு உட்கார மறுத்த தெகாவ், இந்த ஒரு நாவலுக்காக மேஜைக்குத் திரும்பி வந்தார். பரிசு செலினுக்குத்தான் என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு.

பரிசு கிடைத்தது, இன்று யாரும் நினைவில் வைத்திருக்காத கீ மஸ்லீன் என்பவரின் ‘ஓநாய்கள்’ நாவலுக்கு.

1919-ல் போர்ச் சிப்பாயாக வந்து தோற்ற தொர்ஜெலெஸ், 1932-ல் இன்னொரு போர்ச் சிப்பாயின் நாவல் முன்னால் வந்தபோது யாருக்கு வாக்களித்தார்? ஏன்?

அடுத்த வாரம்.